மசாலாப் பொடித் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு: கடனுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை

சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி, சத்துமாவு. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் பலர் முதலில் கைவைப்பது இவற்றில்தான். கைப்பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது. தெருவில் வாங்கிப் பழகியவர்களும் இருக்கிறார்கள். பத்து வீட்டுக்குக் கொடுப்பதிலிருந்து பத்துக் கடைக்குப் போடுவதற்குத் தாண்டும்போதுதான் சிக்கல் வருகிறது. "பேங்க்கில் லோன் தரமாட்டேன் என்கிறார்கள்" என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் புகார். அந்த விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினால் மறுப்புக்கான காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் கிடக்கும்: ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் இன்னொரு பெயர்; ஓடிபி வருவது கணவரின் போனுக்கு; தொழில் நடக்கும் இடம் மாமனார் பெயரில்; எப்போதோ எடுத்த குழுக்கடனில் நின்றுபோன தவணை.

அதனால் கடன் என்ற பேச்சு இங்கே பாதி தாண்டித்தான் வரும். எடுத்துக்காட்டாக ஒரு சிறு மசாலாப் பொடித் தொழிலை வைத்துக்கொள்வோம். ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பெரும்பகுதி இதேதான். அரசுத் திட்டங்களின் எண்கள் 2025-26 நிதியாண்டு வரை நடப்பில் இருந்த விதிகளின்படி தரப்பட்டுள்ளன. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரும் இனிஷியலும்

அப்பா முருகேசன், கணவர் செல்வம் என்று வையுங்கள். பள்ளிச் சான்றிதழில் மு. கவிதா, ஆதாரில் செ. கவிதா, பான் அட்டையில் கவிதா முருகேசன், வங்கிப் புத்தகத்தில் கவிதா செல்வம். வீட்டில் இது யாருக்கும் உறுத்தாது. கணினிக்கு இவர்கள் நான்கு பேர். உத்யம் என்ற சிறுதொழில் பதிவில் பான் சரிபார்க்கும் இடத்தில் நின்றுபோகும். வங்கியில் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு பொருந்தாது. மானியக் கோரிக்கை திரும்பி வரும்.

எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள். எதை அடிப்படையாக வைப்பது என்றால் பள்ளிச் சான்றிதழ்தான் நல்லது. சில திட்டங்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கேட்பார்கள், அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கல்யாணம் ஆனதும் பான் அட்டையை மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அப்பா பெயரோடே வாழ்நாள் முழுக்க இருக்கலாம். பான் அட்டையில் இனிஷியலாக இருக்காது, விரித்து எழுதப்பட்டிருக்கும். எனவே ஆதாரிலும் விரித்தே எழுதச் சொல்லுங்கள். ஆதாரில் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. இ-சேவை மையத்தில் அவசரமாக ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வராதீர்கள். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தையும் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

சொந்த எண், சொந்தக் கணக்கு

ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருக்கும் கைப்பேசி எண் உங்கள் கையில் இருக்கும் போனுக்குரியதாக இருக்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போன கணவருக்கு ஓடிபி போய், அவர் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுவது சின்னத் தொல்லை. பணம் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும் என்பதுதான் பெரிய தொல்லை.

வீட்டுச் செலவு நடக்கும் சேமிப்புக் கணக்கிலேயே தொழில் பணத்தையும் போட்டால் வங்கி மேலாளருக்கு எது விற்பனை, எது மொய்ப்பணம், எது தங்கை அனுப்பியது என்று தெரியாது. தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அதில் குறைந்தபட்ச இருப்பு வைக்க முடியாவிட்டால், தொடக்கத்தில் தனியாக இன்னொரு சேமிப்புக் கணக்காவது. கடைக்காரர் தரும் ரொக்கத்தையும் அதில் கட்டிவிட்டுப் பிறகு எடுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்தால் கிடைக்கும் கணக்கு அறிக்கை, எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும் விடக் கனமானது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மானியம் பெண்களுக்குக் கூடுதல் என்பதற்காக, கணவரோ அண்ணனோ நடத்தும் தொழிலை மனைவி பெயரில் பதிவது பரவலாக நடக்கிறது. கையெழுத்து அவருடையது என்றால் கடனும் அவருடையதுதான். தவணை நின்றால் கெடுவது அவருடைய கடன் மதிப்பெண். பின்னால் அவர் உண்மையாகவே ஒரு தொழில் தொடங்கப் போகும்போது கதவு மூடியிருக்கும். வரவு செலவைத் தானே பார்க்க முடியாத தொழிலுக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

உத்யம் பதிவு

ஆதார், பான், ஓடிபி இருந்தால் போதும். எந்தக் காகிதமும் ஏற்ற வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. 2020 ஜூலை 1 முதல் நடக்கும் இந்தப் பதிவுக்குப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

தவறு நடப்பது தொழில் வகைக் குறியீட்டில். பொடி அரைத்து விற்பவர் 'உற்பத்தி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மசாலா அரைத்தலுக்கான குறியீடு 10795. இ-சேவை மையத்தில் கைக்கு வந்த 'சில்லறை வணிகம்' என்பதைப் போட்டுவிட்டால், வாங்கியவர் பணம் தராமல் இழுத்தால் கிடைக்கும் நிலுவைத் தொகைப் பாதுகாப்பு போன்ற பல சலுகைகள் வணிகர் என்ற காரணத்தால் கிடைக்காமல் போகும். தனியுரிமைத் தொழில் என்றால் உரிமையாளர் நீங்கள் ஒருவரே. கூட்டாகத் தொடங்கினால் பெண்களின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெண்கள் நிறுவனம் என்ற கணக்கில் வரும்.

இடம்

சொந்தமாக ஒரு பெண்ணின் பெயரில் இடம் இருப்பது இன்னும் அரிது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தம் வந்துவிட்டது என்றாலும், பத்திரத்தில் பெயர் ஏறுவது வேறு கதை. இடம் உங்கள் பெயரில் இல்லாதது தொழிலைத் தடுக்காது. யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்து, அது கணவரோ மாமியாரோ ஆனாலும், முத்திரைத்தாளில் ஒரு வாடகை ஒப்பந்தமோ ஆட்சேபமில்லை என்ற கடிதமோ வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது நகல்கள். 'சொந்த வீட்டுக்கு எதுக்குப் பேப்பர்' என்ற பேச்சு வரும். வங்கியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் கேட்கும் காகிதம் என்று சொல்லி வாங்கிவிடுங்கள். கடன் தொகையில் இயந்திரம் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒப்பந்தக் காலம் கடன் காலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மிக்ஸியோடு நிற்கும்வரை வீட்டு மின் இணைப்பு ஒன்றும் பிரச்சினையில்லை. அரைவை மிஷின் போட்டுவிட்டால் தனி இணைப்பு எடுத்தாக வேண்டும். குறுந்தொழில்களுக்கெனத் தனிக் கட்டண வகை உண்டு; அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வணிகக் கட்டணத்தில் போட்டுவிடுவார்கள். உள்ளாட்சியின் தொழில் உரிமத்தையும் இதோடு முடித்துவிடலாம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவும் லேபிளும்

உணவுப் பொருள் எதுவானாலும், வீட்டில் செய்தாலும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு இல்லாமல் விற்கக்கூடாது. சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்பது நெடுநாளாக இருந்துவந்த வரம்பு. 'ஃபோஸ்கோஸ்' என்ற தளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்றோடு நீங்களே விண்ணப்பிக்கலாம். அன்றைய வரம்பும் கட்டணமும் அங்கேயே இருக்கும். உண்மையில் எங்கே தயாரிக்கிறீர்களோ அந்த முகவரியைத்தான் தர வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வேண்டும்.

அரைத்த மசாலாவைப் பொட்டலமிடாமல் உதிரியாக விற்கச் சட்டம் இடம் தரவில்லை. செயற்கை நிறம் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக்கூடாது. மிளகாய்ப் பொடி சிவப்பாக இல்லை என்று கடைக்காரர் சொன்னால் மிளகாய் ரகத்தை மாற்றுங்கள்.

லேபிளில் வர வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை, நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற அலகு விலை, தொகுதி எண், தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், சைவக் குறியீடு, ஊட்டச்சத்து விவரம், ஒவ்வாமைக் குறிப்பு, முழு முகவரி, புகாருக்கான தொலைபேசி எண். பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா கலந்திருக்கும். ஒவ்வாமைக் குறிப்பில் பலரும் விட்டுவிடுவது இது. இட்லிப் பொடியில் எள்ளையும் அப்படியே.

பொட்டலமிடுபவர் என்ற முறையில் எடையளவுச் சட்டப்படி ஒரு பதிவு இருக்கிறது. தொழில் தொடங்கிய 90 நாளுக்குள், 500 ரூபாய் கட்டணத்தில், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இது வரும். உங்கள் மின்னணுத் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். ஐயாயிரம் லேபிள் அச்சடித்த பிறகு அலகு விலை இல்லை என்று தெரிந்தால் அவ்வளவும் வீண். எனவே முதலில் ஐம்பது மட்டும் அச்சடித்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். அவர்களைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. விற்பனைக்கு முன்னால் போனால் சொல்லித்தருவார்கள், விற்பனைக்குப் பிறகு அவர்களே வந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்குப் பார்சல் போட்டால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்தவர்கள் கவனிக்க: புதுச்சேரியும் காரைக்காலும் இந்தக் கணக்கில் வெளிமாநிலம்தான்.

பொடி எங்கே கெடுகிறது

வீட்டுக்குச் செய்யும்போது பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். கடையில் மூன்று மாதம் நிற்க வேண்டும். கெடுவதற்கு முதற்காரணம் ஈரம். மிளகாயும் மல்லியும் கையில் நொறுங்கும் அளவுக்குக் காயாமல் அரைத்தால் பொடி கட்டி தட்டும், பிறகு பூசணம் வரும். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் உலர்த்தியையோ வெறும் வாணலிச் சூட்டையோதான் நம்ப வேண்டும். அரைத்ததும் பொடி சூடாக இருக்கும். அப்படியே பொட்டலத்தில் போட்டால் உள்ளே வியர்க்கும். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறவிட்டு, சலித்து, பிறகே நிரப்ப வேண்டும். காற்று வெகுநேரம் பட்டாலும் மணம் போய்விடும், ஆறியதும் மூடிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கு வாடை. எள், தேங்காய், நிலக்கடலை சேர்ந்த பொடிகளில் எண்ணெய் அதிகம். மெல்லிய பாலித்தீன் பையில் வெளிச்சத்திலும் சூட்டிலும் தொங்கினால் சீக்கிரமே வாடை மாறும். பல அடுக்கு லேமினேட் பைகளை வாங்குங்கள். விலை கூடினாலும் திரும்பி வரும் சரக்கை விட மலிவு. சாம்பார் பொடிக்கும் இட்லிப் பொடிக்கும் ஒரே காலாவதி நாள் போடாதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பொட்டலம் எடுத்து நாள் குறித்து அலமாரியில் வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து ருசித்தால் உங்கள் பொடியின் உண்மையான ஆயுள் தெரியும். கடைக்காரர் புகார் சொல்லும் நாளில் சான்றாகவும் இருக்கும். ஆய்வகச் சோதனையும் பயிற்சியும் வேண்டுவோருக்குத் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நல்ல இடம்.

வெளி மில்லில் அரைப்பவர்கள் காலை முதல் ஆளாகப் போங்கள். முன்னால் கோதுமை ஓடியிருந்தால் அதன் மிச்சம் உங்கள் பொடியில் கலக்கும். போட்டதும் முதலில் வரும் அரைக் கிலோவைத் தனியே எடுத்து வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை போடும் கணக்கு

தொழில் கவிழும் இடம் பெரும்பாலும் இதுதான், எனவே நின்று பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

10 கிலோ சாமான் 2,300 ரூபாய். காய்ந்து குறைந்ததும் தூசும் போக 9.4 கிலோ பொடி வந்தது, அதாவது 100 கிராம் பொட்டலம் 94. வறுக்கும் கேஸும் அரைவையும் 250. பையும் லேபிளும் ஒன்றுக்கு நாலரை ரூபாய் வீதம் 423. போக்குவரத்து, போன் 120. கிழிந்தது, மாதிரிக்குக் கொடுத்தது 100. இதுவரை 3,193 ரூபாய். ஒரு பொட்டலத்துக்குக் கிட்டத்தட்ட 34.

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கடைக்காரர் அச்சிட்ட விலையில் 25 சதவீதம் கழித்துக்கொள்கிறார் என்றால், 50 ரூபாய் விலைக்கு உங்கள் கைக்கு வருவது 37.50. மூன்றரை ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் வறுத்து, சலித்து, நிரப்பி, ஒட்டிய ஆறு மணி நேரத்துக்குக் கூலி எங்கே? மணிக்கு 75 ரூபாய் என்று 450-ஐச் சேர்த்தால் அடக்கம் 38.75 ஆகிறது. லாபம் என்று நினைத்தது ஒன்றேகால் ரூபாய் நட்டம். நீங்களே செய்யும்வரை அந்த நட்டம் கண்ணில் படாது; ஆர்டர் பெருகி ஒரு ஆளை வேலைக்கு வைத்த மாதம் தெரியும். வீட்டு வேலைக்குத்தான் கூலி கிடையாது என்று பழகிவிட்டோம். தொழிலிலும் அதையே தொடர வேண்டாம்.

விலையை 60 ரூபாய் என்று வைத்தால் கைக்கு 45 வரும், மீதி 6.25. இந்த ஆறேகால் ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

எந்தக் கடன்

முதலில் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. மதிப்பெண்ணை விட உள்ளே உள்ள பட்டியல் முக்கியம்: மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், நகைக்கடன், யாருக்கோ ஜாமீன் போட்டது எல்லாம் அதில் இருக்கும். கட்டி முடித்த கடன் 'நிலுவை' என்றே கிடந்தால், முடிப்புச் சான்றோடு அந்த நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள். வாராவாரம் கட்டும் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை இரண்டு மூன்று ஓடுகிறது என்றால் தொழில்கடனுக்கு இப்போது போகாதீர்கள். முதலில் ஒன்றை முடியுங்கள்.

50,000 ரூபாய்க்குள் தேவை என்றால் சுயஉதவிக் குழுவின் உள்கடனோ, மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவின் சிசு பிரிவோ போதும். முத்ராவில் அடுத்த படிகள் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கிடையாது, மானியமும் கிடையாது. குழுவில் இருந்து உணவுத் தொழில் செய்பவருக்கு, உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதைநிதி உண்டு. அதே திட்டத்தில் தனிநபர் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் கிடைக்கும். விண்ணப்பம் எழுதித்தர மாவட்டத்தில் வளநபர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் பணம் தரத் தேவையில்லை.

புதுத் தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையத்தின் வழியே இரண்டு வாசல்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யூஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையான தொழிலுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை. பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பட்டியலினத்தார், பழங்குடியினர் தொடங்கும் தொழில் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் கேளுங்கள். அதில் முதலீட்டு மானியம் 35 சதவீதம், தவிர வட்டியில் 6 சதவீதத் தள்ளுபடி.

பிஎம்இஜிபியில் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். கணவர் முன்பே இந்த மானியத்தில் ஆட்டோ பட்டறை வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படாது. ஒரு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கு இன்னொன்று கிடைப்பதும் அரிது. எனவே சின்னத் தொகைக்காகப் பெரிய வாசலை அடைத்துவிடாதீர்கள்.

கிராமத்தில் 4 லட்சம் ரூபாய்த் திட்டம் என்று வைப்போம். இயந்திரங்கள் 2.2 லட்சம், மின்வேலை 30,000, சரக்குச் சுழற்சிக்கு 1.5 லட்சம். நீங்கள் போடுவது 20,000, வங்கி தருவது 3.8 லட்சம். மானியம் 1.4 லட்சம். அதைக் கையில் தரமாட்டார்கள். மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே கிடக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி ஓடாது, தொழில் நடக்கிறது என்று நேரில் பார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். 'மானியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மெதுவாகக் கட்டலாம்' என்று யாராவது சொன்னால் அவருக்குத் திட்டம் தெரியவில்லை என்று பொருள்.

வட்டி ஓடும் 2.4 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 5,220 ரூபாய். ஒரு பொட்டலத்தில் நிற்பது ஆறேகால் ரூபாய். தவணைக்கு மட்டும் மாதம் 835 பொட்டலம், ஏறக்குறைய 84 கிலோ விற்றாக வேண்டும். இப்போது மாதம் 20 கிலோதான் போகிறது என்றால் இந்தக் கடன் உங்களுக்குப் பெரிது. வெளி மில்லில் அரைத்துக்கொண்டு, ஒட்டும் மிஷினும் தராசும் மட்டும் வாங்கி, அந்த 84 கிலோவை நெருங்கிய பிறகு வாருங்கள்.

வங்கியில்

திட்ட அறிக்கையை ஆடிட்டர் அலுவலகத்தில் 'காப்பி' எடுத்து வாங்காதீர்கள். மேலாளர் கேட்கும் கேள்விகள் எளியவை: மல்லி எங்கே வாங்குகிறாய், கிலோ என்ன விலை, எந்தெந்தக் கடை எடுக்கிறது, கடன் எத்தனை நாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் பதில் சொன்னால் விண்ணப்பம் அங்கேயே பலவீனமாகும். கூட வருபவர் வெளியில் இருக்கட்டும். இயந்திரத்துக்கு ஜிஎஸ்டி எண் உள்ள இரண்டு மூன்று கடைகளின் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், ஆறு மாத வங்கி அறிக்கை, கடைக்காரர்கள் கையெழுத்திட்ட பில் நகல்கள் ஆகியவற்றைக் கோப்பாகக் கட்டி எடுத்துப்போங்கள். இயந்திரப் பணம் நேரே விற்பவர் கணக்குக்குத்தான் போகும்.

சிறுதொழில் கடனுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லிருந்தே சொல்லிவருகிறது. அதற்காகவே, அடமானத்துக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. பெண் தொழில்முனைவோருக்கு அதில் உத்தரவாதப் பங்கு கூடுதல், கட்டணம் குறைவு. கணவரின் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை. 'வீட்டுப் பத்திரம் கொண்டா' என்றால் சண்டை போடாமல், "உத்தரவாத நிதியில் போட்டுத் தரலாமா சார்?" என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்கு நாள் குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதி மறுப்புகள் இளகும்.

அப்படியும் நகரவில்லையா? மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். வங்கிக்கு எழுத்தில் புகார் தந்து 30 நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448. மானியம் வாங்கித்தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சரக்குக்குக் காசு

மகளிர் திட்டத்தின் பூமாலை வளாகங்கள், கல்லூரிச் சந்தைகள், 'மதி' விற்பனை வாய்ப்புகள் முதல் ஆறு மாதத்துக்கு நல்லவை. காசு உடனே வரும், வாங்குபவர் முகம் தெரியும். கடைகளில் பழைய பில்லுக்குக் காசு வந்தால்தான் புதுச் சரக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெண் என்பதால் 'அப்புறம் வாம்மா' என்று இழுத்தடிப்பது நடக்கும். அதற்கு மருந்து குரலை உயர்த்துவதல்ல, கையெழுத்து வாங்கிய பில் புத்தகம்.

ஹோட்டல், கேட்டரிங், நிறுவனங்களுக்குப் போடும்போது பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் தளத்தில் புகார் செய்யலாம். சரக்குப் போடுவதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும்; புகார் செய்யும் நாளில் பதிந்துகொண்டு வர முடியாது.

உதவ நினைக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேலை: கடைகளுக்குச் சரக்குப் போடுவதையும் வசூலையும் வண்டி ஓட்டத் தெரிந்த யாராவது வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால், அரைக்கும் நாளும் வசூல் நாளும் மோதாது. வசூலித்த பணம் அன்றே தொழில் கணக்கில் ஏற வேண்டும்.

தவணை தடுமாறினால்

மழை மாதங்களில் உலர்த்த முடியாமலும், பெரிய கடை ஒன்று காசு தராமலும் தவணை தள்ளும். தள்ளிய மறுநாளே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். அதற்கு முன்னால் வந்தவருக்குத் தவணைக் காலத்தை நீட்டவும் அட்டவணையை மாற்றவும் மேலாளரிடம் வழி இருக்கிறது, அதற்குப் பின் வந்தவருக்கு மிகக் குறைவு. அந்த ஒரு தவணையைக் கட்ட மைக்ரோ ஃபைனான்ஸில் புதுக்கடன் எடுப்பது அடுத்த மாதம் இரண்டு தவணையாகத் திரும்பி வரும். எடுக்காதீர்கள். கையில் உள்ள மல்லியையும் மிளகாயையும் சரக்காக்கிச் சந்தையில் ரொக்கத்துக்கு விற்று, கிடைத்ததைக் கட்டி, மிச்சத்துக்கு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலிலும் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.